பதினாறு மில்லிசெகண்டு அவகாசம்

"அண்ணா, கேம்ல தொண்ணூறு எஃப்பிஎஸ் காட்டுது. ரெக்கார்டு பண்ணிப் பார்த்தா மட்டும் ஜெர்க் ஆவுது. கிராபிக்ஸ் கார்டை மாத்திடட்டுமா?"

திருமுல்லைவாயல் பக்கம், சி.டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சர்வீஸ் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. கேட்டவர் கல்லூரி மாணவர். கடைக்காரர் கார்டு விலை எதையும் சொல்லவில்லை. "ஆரம்பத்துலயே ஆவுதா தம்பி, இல்ல கொஞ்ச நேரம் ஓடினப்புறமா? ஆடும்போதே ஆவுதா, ஃபைலைத் திறந்து பார்க்கும்போது மட்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். மாணவர் முகத்தில் சலிப்பு. எனக்கோ, அந்த இரண்டு கேள்வியிலேயே பாதி விஷயம் அடங்கிவிட்டதாகப் பட்டது. கணினியில் ஆடும் விளையாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் போடும் ஆசை இன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது இருக்கும். அதற்காக வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, கோளாறு எங்கே என்று பார்க்காமலேயே பாகத்தை மாற்றுவதால் வீணாவது.

விளையாட்டைப் பதிவு செய்வதை நாம் ஒரே வேலையாகச் சொல்கிறோம். கணினிக்கு அது நான்கு வேலை. முதலில் விளையாட்டு ஒரு படத்தை வரைய வேண்டும். அடுத்து, பதிவு மென்பொருள் அந்தப் படத்தைப் பிடித்து, மூலையில் நம் முகம் தெரியும் கேமரா காட்சி, சேனல் லோகோ எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துத் தன் படமாக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக அதைச் சுருக்க வேண்டும். என்கோடிங் என்பது இதைத்தான். கடைசியாக டிஸ்க்கில் எழுத வேண்டும். நொடிக்கு 60 படம் (60 எஃப்பிஎஸ்) என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.67 மில்லிசெகண்டு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேத், மில்லிங், டிரில்லிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று நான்கு இடத்தில் ஒரு பாகம் கைமாறினால், எந்த இடம் மெதுவோ அதன் வேகம்தான் மொத்த லைனின் வேகம். மற்ற மூன்று இடத்திலும் புது மெஷின் இறக்கினாலும் மாலையில் ஒரு பாகம்கூட அதிகமாக எண்ண முடியாது. பதிவில் கூடுதலாக ஒரு கொடுமை உண்டு. தொழிற்சாலையில் தாமதமான பாகம் கொஞ்சம் கழித்தாவது வந்து சேரும். இங்கே நேரத்துக்கு வராத படம் வராததுதான். அதன் இடத்தில் முந்தைய படமே இன்னொரு முறை ஒட்டப்படும். பார்க்கிற கண்ணுக்கு அது திக்கல்.

சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஒரு படம் ஏறக்குறைய 6.2 எம்பி. நொடிக்கு அறுபது படம் என்றால் 373 எம்பி. அப்படியே ஒரு மணி நேரம் பதிந்தால் 1.3 டிபியைத் தாண்டும். சாதாரண 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாக எழுதினாலே நொடிக்கு 100 முதல் 200 எம்பிதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு ஒத்துவராது.

1999-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஃபிராப்ஸ் என்ற மென்பொருள்தான் பல வருஷம் இந்த வேலையில் கொடிகட்டிப் பறந்தது. பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடிய தலைமுறைக்கு அது திரை மூலையில் காட்டும் மஞ்சள் எண் ஞாபகம் இருக்கலாம். சிபியுவுக்கு அதிக வேலை கொடுக்காமல் லேசாகச் சுருக்கி, மீதிப் பாரத்தை டிஸ்க்கின் தலையில் கட்டிவிடுவது அதன் உத்தி. சில நிமிடப் பதிவே பல ஜிபி ஆகிவிடும். "ரெக்கார்டிங்குக்குத் தனி ஹார்டு டிஸ்க் போடு" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு நல்ல தரத்தில் 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தாலும் டிஸ்க்குக்குப் போவது நொடிக்கு 6.25 எம்பிதான். பழைய டிஸ்க்கும் அதைத் தாங்கும். ஆனாலும் அந்த அறிவுரை மட்டும் ஓய்வு பெறாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

373 எம்பி எப்படி 6 எம்பி ஆகிறது? அந்த இடத்தில் ஒரு கிண்டி மாணவர் வருகிறார். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர் கே. ஆர். ராவ். அவரும், பெங்களூரில் பிறந்து கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமதுவும், அகமதுவின் ஆய்வு மாணவர் டி. நடராஜனும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி, உலகுக்கு அறிமுகமானது அதில்தான். அதற்கு முன் 1972-இல் அகமது இந்த யோசனைக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். அகமதுவே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலேயே வேலை முடிந்தது. வாட்ஸ்அப்பில் தினமும் வரும் குட் மார்னிங் படத்திலிருந்து நீங்கள் பதியும் வீடியோ வரை இன்றைக்கு அந்த எளிமையான யோசனையின் தயவில்தான் நடக்கிறது.

யோசனை இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறோம். ஒரு கட்டத்துக்குள் வெளிச்சம் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் மாறும். வானம், சுவர், ரோடு, எதை எடுத்தாலும் அப்படித்தான். ஆகவே 64 புள்ளிகளின் அளவைத் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில், சீரான மாற்றம் எவ்வளவு, வேகமான மாற்றம் எவ்வளவு, அதைவிட நுணுக்கமானது எவ்வளவு என்று 64 எண்களாக மாற்றி எழுதுகிறோம். முதல் சில எண்கள் பெரிதாக இருக்கும். மீதி கிட்டத்தட்டச் சுழியம். சுழியங்களை எழுதவே வேண்டாம் என்றால் இடம் எவ்வளவு மிச்சம்! 2003-இல் வந்து இன்றுவரை பெருவாரியாகப் புழங்கும் எச்.264 முறை இதையே முழு எண் கணக்காக மாற்றிப் பயன்படுத்துகிறது. நிறத்திலும் ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறார்கள். நம் கண் வெளிச்சத்தில் உள்ள நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தில் பார்ப்பதில்லை என்பதால், நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் போதும் என்று வைத்துவிட்டார்கள். அதிலேயே பாரம் பாதியாகிவிடுகிறது. விளையாட்டில் எதிரியின் பெயர் சிறிய சிவப்பு எழுத்தில் வந்தால் பதிவில் அது கசங்கித் தெரிவதற்குக் காரணம் இந்தச் சலுகைதான். கிராபிக்ஸ் கார்டைத் திட்டிப் பயனில்லை.

உண்மையான உழைப்பு அடுத்த படியில் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கார் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். எனவே முழுப் படத்தையும் எழுதாமல், இந்தத் துண்டு முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடிப் பிடித்து, நகர்வை மட்டும் எழுதினால் போதும். அந்தத் தேடல்தான் ஆளைத் தின்கிறது. பதினாறுக்குப் பதினாறு புள்ளித் துண்டுகளாக வெட்டினால் ஃபுல் எச்டியில் ஒரு படத்துக்கு 8,160 துண்டு. ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் 16 புள்ளி தூரம்வரை தேடினால் 1,089 இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் பார்க்க 256 கழித்தல். நொடிக்கு அறுபது படம் என்று பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 13,600 கோடி கழித்தல் கணக்குகள். எந்தச் சிபியுவும் இதை நேரடியாகச் செய்வதில்லை. குறுக்கு வழிகள் நிறைய வைத்திருக்கிறார்கள். எக்ஸ்264 என்கோடரில் அல்ட்ராஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ என்று வரிசையாக இருப்பது, தேடுவதில் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதன் அளவுகோல்தான். ஸ்லோ வைத்தால் தரம் கூடும் என்று எங்கோ கேட்டுவிட்டு அதை வைப்பவர்கள், விளையாட்டுக்கு வேண்டிய சிபியுவைத் தாங்களே பறித்து என்கோடருக்குக் கொடுக்கிறார்கள். ஃபோன் கேமை எமுலேட்டரில் ஓட்டிப் பதிபவர்களுக்கு இது இரட்டைச் சுமை. எமுலேட்டர் ஏற்கெனவே சிபியுவைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கும்.

என் கட்சி இதில் தெளிவு. நேரலைக்கு இன்டர்நெட் வேகம் தடை, அதனால் சின்ன ஃபைலுக்குள் தரத்தை அடைக்க மெனக்கெட வேண்டும். பதிவுக்கு என்ன தடை? டிஸ்க்கில் இடம் இருக்கிறது. வேகமான செட்டிங் வைத்து, ஃபைல் பெரிதாக வந்தால் வரட்டும் என்று விடுவதே புத்திசாலித்தனம். பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எழுதும் தரவின் அளவை, ஓர் எண்ணில் கட்டிப்போடாமல், தரத்தை நிலையாக வைத்துத் தேவைக்கேற்ப பிட்ரேட் ஏறி இறங்க விடும் முறையும் மென்பொருளில் இருக்கிறது. புல்வெளியில் ஓடும்போது, மழை கொட்டும்போது, மவுசைச் சட்டென்று திருப்பும்போது முந்தைய படம் எதற்கும் உதவாது. அந்த நேரத்தில் என்கோடர் கேட்பதைக் கொடுத்துவிட வேண்டும். யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கத்தான் போகிறது.

இந்தத் தேடல் வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி ஒதுக்கும் பழக்கம் 2011-இல் பரவலானது. இன்டெல் அந்த வருஷம் தன் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளில் குவிக் சிங்க் வைத்தது. 2012-இல் என்விடியா தன் கெப்ளர் கார்டுகளில் என்வென்க் வைத்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. விளையாட்டை வரையும் பகுதியும் இதுவும் வேறுவேறு என்பதால், என்கோடிங்கை இதனிடம் விட்டால் ஆட்டத்தின் வேகம் கொஞ்சம்தான் குறையும். ஆரம்பத்தில் தரம் சுமார்தான். 2018-இல் வந்த என்விடியாவின் டூரிங் கார்டுகளுக்குப் பிறகு அந்தக் குறையும் பெரிதாக இல்லை. தனிச் சிப் எவ்வளவு முக்கியம் என்றால், கோடிக்கணக்கான வீடியோவைச் சுருக்க வேண்டிய கூகுளே யூடியூப்புக்காகச் சொந்தமாக ஒரு என்கோடர் சிப் செய்து, 2021-இல் அதை வெளியே சொன்னது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் செட் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய பொறி இங்கேதான் இருக்கிறது. ஜிடி 1030 கார்டில் என்வென்க் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடர் கிடையாது. இன்டெல் சிபியு பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் (12400எஃப் மாதிரி) உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கூடவே குவிக் சிங்க்கும் இல்லை. எஃப் மாடல் விலை கொஞ்சம் குறைவு, 6500 எக்ஸ்டியும் பட்ஜெட்டுக்குள் வரும் என்று இரண்டையும் சேர்த்து வாங்கினால், அந்தக் கணினியில் என்கோடிங்குக்குத் தனிப் பகுதி என்று எதுவுமே இருக்காது. எல்லாம் சிபியு தலையில். ஆட்டத்துக்கு அது நல்ல செட்தான், பதிவுக்குக் கஷ்டம். கடையில் யாரும் ஏமாற்றவில்லை. "எத்தனை எஃப்பிஎஸ் வரும்" என்று மட்டும் கேட்டால் அதற்கான பதில்தான் கிடைக்கும்.

எந்தக் கட்டம் தடுமாறுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, மென்பொருளே சொல்லும். 2012-இல் தொடங்கி இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் இலவச ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்று ஒரு சிறு சாளரம் உண்டு. திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் மூன்று வரிகள் முக்கியம். ரெண்டரிங் லேக்கால் தவறிய படங்கள் என்ற எண் ஏறினால், கிராபிக்ஸ் கார்டு ஓபிஎஸ்ஸின் படத்தை வரைய நேரம் கொடுக்கவில்லை என்று பொருள். என்கோடிங் லேக்கால் விடுபட்டவை ஏறினால், சுருக்கும் கட்டம் திணறுகிறது. மூன்றாவது வரி நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. அது நேரலைக்கு மட்டும். பதிவு திக்குகிறது என்று பிராட்பேண்டு கம்பெனியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இந்த வரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போன் எடுக்கலாம்.

முதல் வரி ஏறுவதுதான் அதிகம் நடப்பது. காரணம் விசித்திரம். ஆட்டத்தில் எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு எதுவும் வைக்காவிட்டால், அது கிராபிக்ஸ் கார்டை 99 சதவீதம்வரை இழுத்துக்கொள்ளும். மூலைக் கேமராவையும் லோகோவையும் சேர்த்து வரைய ஓபிஎஸ்ஸுக்கும் அதே கார்டுதான் வேண்டும். அது வாசலில் காத்துக் கிடக்கும். புதிதாக இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டாலும் ஆட்டம் அதையும் 99 சதவீதம் தின்றுவிடும். காசில்லாத வைத்தியம் இரண்டு: ஆட்டத்தில் எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைப்பது, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பது. இரண்டாவதைச் செய்தால் கார்டில் ஓபிஎஸ்ஸுக்கு விண்டோஸ் முன்னுரிமை கொடுக்கும்.

இனி கடையில் கேட்ட அந்தத் தொண்ணூறு. மூன்று எண்ணும் சுழியமாகவே இருந்து, அப்படியும் பதிவு திக்கினால்? இந்தச் சிக்கலில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே எந்தப் பாகமும் பழுதில்லை. ஆட்டம் நொடிக்கு 90 படம் வரைகிறது, 11.1 மில்லிசெகண்டுக்கு ஒன்று. பதிவு நொடிக்கு 60 எடுக்கிறது, 16.67 மில்லிசெகண்டுக்கு ஒன்று. பதிவு ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் கடைசிப் படத்தை எடுத்துக்கொள்ளும். ஆட்டத்தின் படங்களுக்குச் சுழியத்திலிருந்து எண் கொடுத்தால், பதிவில் வருபவை 0, 1, 3, 4, 6, 7, 9 என்று போகும். ஒன்றைத் தாண்டு, இரண்டைத் தாண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. ஒரே வேகத்தில் போகும் கார் ஆட்டத்தின் ஒரு படத்துக்கு 10 புள்ளி நகர்கிறது என்றால், பதிவில் அது 10, 20, 10, 20 என்று எட்டு வைக்கும். ஒரு படம்கூடத் தவறவில்லை. கார் நொண்டுகிறது.

குறைந்த விலையில் கிடைக்கும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் நயமாக வரும்: மூன்று எட்டு சரி, நான்காவது எட்டு இரட்டிப்பு. நொடிக்குப் பதினைந்து தடவை ஒரு சின்ன உலுக்கல். ஆட்டத்தை 60-இல் கட்டிவிட்டால், அல்லது கார்டுக்குத் தெம்பிருந்து 120-இல் நிலையாக ஓட விட்டால், எட்டுகள் சமமாகிவிடும். ஐயமிருந்தால் பதிவை விஎல்சி பிளேயரில் நிறுத்தி, ஈ என்ற ஆங்கில எழுத்துள்ள விசையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு படம் நகரும். இரண்டு தட்டலுக்கு ஒரே படம் அசையாமல் நின்றால் படம் தவறியிருக்கிறது. படம் மாறிக்கொண்டே இருந்து, நகரும் தூரம் மட்டும் ஏறுக்குமாறாக இருந்தால் இந்த 90-60 விவகாரம்.

கடைக்காரரின் இன்னொரு கேள்வி, கொஞ்ச நேரம் ஓடிய பிறகா என்பது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அதன் பிறகு திக்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டை. இதில் நம் ஊருக்குத் தனி இடம் உண்டு. சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டோடு, சிப் தின்னும் மின்சாரத்தால் வரும் ஏற்றத்தைக் கூட்டியது. ஒரு பேச்சுக்கு, லேப்டாப் சிபியு 45 வாட் தின்கிறது, அதன் கூலர் ஒரு வாட்டுக்கு 1.4 டிகிரி ஏற விடுகிறது என்று கொள்வோம். ஏற்றம் 63 டிகிரி. ஏசி அறையில் 22 டிகிரி என்றால் சிப் 85-இல் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், 37 டிகிரியில் அதே வேலையைச் செய்தால் 100. இன்டெல் லேப்டாப் சிப்புகள் பலவற்றுக்கு எல்லை அதுதான். தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். 16.67 மில்லிசெகண்டில் முடிந்துகொண்டிருந்த வேலை 20 ஆகும். மெரினாவைக் குளிர்விக்கும் கடற்காற்று ஆவடிக்கு வந்து சேர நேரமாகும், சில நாளில் வராமலேயே போகும். பெசன்ட் நகரில் ஓடுகிற அதே லேப்டாப் பட்டாபிராமில் திணறினால் அதைச் சும்மா மாடல் கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

அதற்கு மேல் தூசி. அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார்கள். விசிறிக்கும் தாமிரக் குழாய் முடியும் இடத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. துணிபோல, இரண்டு விரலால் பிடித்து முழுசாக உரித்து எடுக்க முடிந்தது. லாரிப் புழுதி, தலைமுடி, மெத்தைப் பஞ்சு எல்லாம் சேர்ந்து விசிறி நெய்த துணி. விசிறி முழு வேகத்தில் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். காற்று மட்டும் வெளியே போயிருக்காது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்ட வருஷங்களில் போரூர்-பூந்தமல்லி வழியில் குடியிருந்தவர்களுக்கு வீட்டு ஜன்னல் கம்பி எப்படி இருந்தது என்று தெரியும். லேப்டாப்புக்குள்ளும் அதே புழுதிதான். பிரஷ்ஷால் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும். எஃப்பிஎஸ் ஒன்றும் எகிறிவிடாது, ஆனால் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கும் திக்கல் பல நேரம் போய்விடும். மெத்தைமேல் வைத்து ஆடாதே என்று அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காற்று உள்ளே போகும் வழி அடியில்தான்.

லேப்டாப்பில் இன்னொரு சின்னச் சிக்கல்: பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. திரை சிபியுவிலுள்ள சின்ன கிராபிக்ஸோடு இணைந்திருக்கும், ஆட்டம் பெரிய கார்டில் ஓடும். ஓபிஎஸ் தவறான பக்கத்தில் திறந்தால் கறுப்புத் திரையைப் பதிந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். விண்டோஸின் கிராபிக்ஸ் செட்டிங்கில் எது எதில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடலாம். தனி கார்டு இல்லாமல் சிபியுவிலுள்ள கிராபிக்ஸை நம்பி ஆடுபவர்கள் ராமைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு 16 ஜிபி ராம் போட்டுக் கொடுத்திருந்தால் டிடிஆர்4-3200 வகையில் நொடிக்கு 25.6 ஜிபிதான் போக்குவரத்து. இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் அது 51.2. ஆட்டம், பதிவு, என்கோடர் மூன்றும் அந்த ஒரே பாதையில் போய் வருவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்க் இன்றைக்குப் பெரிய சிக்கல் இல்லை என்றேன். வேகத்தில் இல்லை; கரண்ட் போகும்போது இருக்கிறது. எம்பி4 வகை ஃபைலில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் வழக்கமாக எழுதப்படும். ஒன்றரை மணி நேரம் ஆடி முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால், டிஸ்க்கில் பல ஜிபி இருக்கும், எந்தப் பிளேயரும் திறக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களுக்கும் இது நடக்கும். மின்சாரம் மாறும் அந்தச் சிறு இடைவெளியைக் காற்றாடியும் லைட்டும் பொறுத்துக்கொள்ளும், டெஸ்க்டாப் பொறுக்காது, ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் நார்மல், யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் இடைவெளி குறையும்.

எம்கேவி வகையில் பதிந்தால் கரண்ட் போன நொடிவரை உள்ளது அப்படியே மிஞ்சும். எடிட்டிங் மென்பொருள் எம்பி4 கேட்டால், ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் என்று இருப்பதைத் தட்டினால் மாற்றிக் கொடுத்துவிடும். மறுபடி என்கோட் செய்வதில்லை, வெளி உறையை மட்டும் மாற்றுவதால் தரம் கடுகளவும் குறையாது. எஸ்எஸ்டி இருந்தால் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது. 2024-இல் வந்த ஓபிஎஸ் 30.2 பதிப்பிலிருந்து ஹைபிரிட் எம்பி4 என்று ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். பதியும்போதே துண்டு துண்டாக அட்டவணை எழுதிக்கொண்டு போகும் வகை அது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அப்டேட் செய்யும்வரை எம்கேவியிலேயே பதியலாம்.